காயமில்லாத உடல்: போதை மரண விசாரணையும் காவலர் பயிற்சியும்

போதைப்பொருள் அளவு மீறியதால் நேரும் சாவு தமிழ்நாட்டுக் காவல் நிலையங்களில் அந்தப் பெயரோடு பதிவாவது அரிது. ‘சந்தேக மரணம்’ என்றோ ‘திடீர் மரணம்’ என்றோ ஒரு வழக்கு எண் விழும். 2024 ஜூன் முடியும் வரை அது குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 174ஆவது பிரிவு. ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 194ஆவது பிரிவு. எண் மாறினாலும் நிலைய எழுத்தர் பேச்சில் இன்னும் ‘ஒன் செவன்டி ஃபோர்’தான். இரண்டும் சொல்வது ஏறக்குறைய ஒன்றே. அக்கம்பக்கத்தார் இருவரோ அதற்கு மேற்பட்டவர்களோ முன்னிலையில் காவல் அதிகாரி உடலைப் பார்க்க வேண்டும். அதிலுள்ள வெட்டு, எலும்பு முறிவு, கன்றல் முதலியவற்றைக் குறிக்க வேண்டும். எந்த ஆயுதத்தால், எவ்விதம் அவை ஏற்பட்டதாகத் தெரிகிறது என்று எழுத வேண்டும். அந்த அறிக்கை 24 மணி நேரத்துக்குள் நடுவருக்குப் போக வேண்டும் என்பது புதிய சட்டம் கூட்டியது.

இந்த வாசகம் காயத்தை எதிர்பார்த்து எழுதப்பட்டது. கத்திக்குத்துக்கும் தூக்குக்கும் அது பொருந்தும். போதை மரணத்தில் எழுதுவதற்குக் காயம் இருக்காது. முழங்கை மடிப்பில் ஊசி குத்திய ஒரு புள்ளி, சுருங்கிப்போன கண்மணி, மூக்கோரம் காய்ந்த நுரை, நீலம் பாரித்த உதடு ஆகியவைதான் இருக்கும். ‘உடலில் வெளிக்காயம் ஏதுமில்லை’ என்ற வரியோடு பெரும்பாலான பிரேத விசாரணை அறிக்கைகள் நின்றுவிடுகின்றன. காவலருக்கான பயிற்சி தொடங்க வேண்டிய இடம் அந்த வரி.

இங்கிலாந்திலும் அமெரிக்காவின் பல மாநிலங்களிலும் இத்தகைய சாவுகளை ஆராயக் கரோனர் என்றோ மருத்துவப் பரிசோதகர் என்றோ தனி அலுவலர் இருக்கிறார். பம்பாயில் 1999 வரை அந்தப் பதவி இருந்தது. சென்னையில் 19ஆம் நூற்றாண்டிலேயே ஒழிந்தது. அதன் பிறகு இங்கே கரோனர் செய்ய வேண்டிய வேலை உதவி ஆய்வாளரின் தலையில்தான் விழுகிறது. பந்தோபஸ்து, மனு விசாரணை, நீதிமன்ற சம்மன் ஆகியவற்றுக்கு நடுவே அவர் அதைச் செய்கிறார். மரண விசாரணையைத் தனித்துறையாக அவருக்கு யாரும் கற்றுக்கொடுப்பதில்லை.

சென்னையின் மேற்குப் புறநகரில் இந்த வேலை கூடுதலாகச் சிக்கலாவதற்கு எல்லை அமைப்பே ஒரு காரணம். 2022 ஜனவரி 1 முதல் அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி ஆகிய பகுதிகள் ஆவடி காவல் ஆணையரகத்தின் கீழ் வருகின்றன. வருவாய் நிர்வாகத்திலோ அம்பத்தூர் 2018 முதல் சென்னை மாவட்டம். ஆவடியும் பூந்தமல்லியும் திருவள்ளூர் மாவட்டம். ஆகவே ஒரே ஆணையரகத்தின் இரண்டு நிலையங்களிலிருந்து செல்லும் அறிக்கைகள் இரண்டு மாவட்ட நிர்வாகங்களுக்குப் போகின்றன. அரக்கோணம் செல்லும் ரயில் பாதையோரம் உடல் கிடந்தால் அது ரயில்வே காவல்துறையின் வழக்கு. மயங்கிய நிலையில் கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோய் அங்கே இறந்தால், தகவல் முதலில் சென்னை மாநகரக் காவல் எல்லைக்குள் பிறக்கிறது. மருத்துவமனையின் விபத்துப் பதிவேட்டு நகல், எல்லோரும் ‘ஏ.ஆர். காப்பி’ என்று சொல்லும் அந்தத் தாள், அம்பத்தூருக்கு வந்து சேர்வதற்குள் இறந்தவரின் அறை பெரும்பாலும் பெருக்கித் துடைக்கப்பட்டிருக்கும். எல்லை பாராமல் வழக்கைப் பதிந்து பிறகு உரிய நிலையத்துக்கு அனுப்பலாம் என்று புதிய சட்டத்தின் 173ஆவது பிரிவு வழி விட்டிருக்கிறது. ஆனால் அது குற்றத் தகவலுக்கு உரியது. குற்றமா என்றே தெரியாத சாவில் அந்த வேகம் வருவதில்லை.

இதே இடைவெளி தடயவியலிலும் இருக்கிறது. ஏழாண்டும் அதற்கு மேலும் தண்டனைக்குரிய குற்றங்களில் தடயவியல் வல்லுநர் நேரில் வந்து பார்க்க வேண்டும் என்று 176ஆவது பிரிவின் 3ஆவது உட்பிரிவு கூறுகிறது. 194இன் கீழ் பதிவாகும் சாவு சட்டத்தின் கண்ணில் இன்னும் குற்றமே அல்ல; எனவே வல்லுநர் தானாக வரமாட்டார். வல்லுநர் வேண்டும் என்று சொல்லக்கூடிய ஒரே ஆள், முதலில் போய் நிற்கும் காவலர்.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கில் 2022இல் இந்தியா முழுவதும் போதைப்பொருள் அளவு மீறி இறந்தவர்கள் 681 பேர். அதில் 144 பேர் பஞ்சாபைச் சேர்ந்தவர்கள். அதே ஆண்டு அமெரிக்காவில் அப்படி இறந்தவர்கள் ஒரு லட்சத்துக்கும் மேல். ஃபென்டனில் பரவிய அமெரிக்கச் சந்தை வேறு, இங்குள்ள சந்தை வேறு என்பது உண்மை. ஆனால் டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் தேசியப் போதை சிகிச்சை மையம் 2019இல் வெளியிட்ட ஆய்வு, இந்தியாவில் அபின் வகைப் பொருட்களைப் பயன்படுத்துவோர் 2 கோடிக்கும் மேல் என்றும், ஊசி வழியாகப் போதை ஏற்றுவோர் ஏறக்குறைய 8.5 லட்சம் என்றும் மதிப்பிட்டது. அத்தனை பேரில் ஆண்டுக்கு 681 சாவு மட்டும் என்பதை எந்த மருத்துவரும் நம்பமாட்டார். மீதிச் சாவுகள் மாரடைப்பாகவும், வலிப்பாகவும், ‘குடிபோதையில் மூச்சுத்திணறல்’ ஆகவும் கோப்புகளில் உறங்குகின்றன என்றே கொள்ள வேண்டியிருக்கிறது.

பயிற்சியில் முதலில் களைய வேண்டிய தவறு கஞ்சாவைப் பற்றியது. ‘ஆபரேஷன் கஞ்சா வேட்டை’ போன்ற தொடர் நடவடிக்கைகளால் காவலருக்கு மிகப் பழக்கமான போதைப்பொருள் கஞ்சாதான். இறந்தவரின் சட்டைப்பையில் ஒரு பொட்டலம் இருந்தால் காரணம் கிடைத்துவிட்டதாக நினைப்பது இயல்பு. ஆனால் கஞ்சா மட்டும் அளவு மீறி ஒருவர் இறப்பது மருத்துவ அனுபவத்தில் ஏறக்குறைய இல்லை. பொட்டலம் கிடைத்தபின் தேடல் நின்றுவிட்டால், கொன்ற பொருள் கட்டிலுக்கு அடியிலேயே கிடக்கும்.

சென்னைப் புறநகரில் அது பெரும்பாலும் மாத்திரை. வலி நிவாரணத்துக்கான டேபென்டடால், டிராமடால், தூக்கத்துக்கான நைட்ரஸெபாம் போன்றவற்றை இளைஞர்கள் பொதுவாக ‘மாத்திரை’ என்ற ஒரே சொல்லால் குறிப்பிடுகிறார்கள். விழுங்குவதோடு நிற்காமல், பொடித்து, தண்ணீரிலோ சலைனிலோ கரைத்து, நரம்பில் ஏற்றிக்கொள்ளும் பழக்கம் பரவியிருக்கிறது. மாத்திரையில் மருந்தைத் தவிர டால்க், செல்லுலோஸ் போன்ற கரையாத சேர்மானங்களும் உண்டு. அவை நுரையீரலின் நுண்குழாய்களில் போய் அடைத்துக்கொள்கின்றன. அழுக்கு ஊசியிலிருந்து ஏறும் கிருமி இதய வால்வைத் தாக்குகிறது. ஆகவே ‘ஊசி போட்டு இறந்தான்’ என்ற ஒரே வாக்கியத்துக்குள் மூச்சு நின்ற சாவும், நுரையீரல் அடைத்த சாவும், சில வாரங்கள் காய்ச்சலில் கிடந்து வந்த சாவும் இருக்கலாம். மூன்றும் வேறு வேறு விசாரணைகள். மெத்தம்பெட்டமைன் போன்ற கிளர்ச்சிப் பொருட்களால் இறந்தவரின் தோற்றம் இதற்கு நேர்மாறு: உடல் கொதிக்கும், இதயம் தாறுமாறாக ஓடி நிற்கும், சாவுக்கு முன் ஆள் வெறிகொண்டதுபோல் நடந்திருப்பார்.

அபின் வகை மருந்து மூளையின் மூச்சுக் கட்டுப்பாட்டை மெல்ல அணைக்கிறது. மதுவோ தூக்க மாத்திரையோ கூடச் சேர்ந்தால், தனித்தனியே தாங்கக்கூடிய அளவுகளே உயிரைப் பறிக்கும். இந்தச் சாவு நொடியில் வருவதில்லை. அரை மணி, ஒரு மணி, சில வேளைகளில் அதற்கும் மேல் ஆகும். அந்த நேரம் முழுவதும் அருகிலிருப்பவர்கள் கேட்பது ஒரு கொரகொரப்பான குறட்டை. தளர்ந்த தொண்டை வழியாகத் திணறும் மூச்சு அது. ‘நல்லா குறட்டை விட்டுத் தூங்கிட்டிருந்தான்’ என்று நண்பர்கள் சொல்வது பொய்யாக இருக்க வேண்டியதில்லை. விசாரணை அதிகாரிக்கு அந்த வாக்கியம் சாவின் காரணத்தையும் நேரத்தையும் சேர்த்துச் சொல்கிறது. அதை அப்படியே, சொன்னவர் வாய்மொழியிலேயே எழுதிக்கொள்ள வேண்டும். எழுத்தர் அதைத் திருத்தி ‘மயக்க நிலையில் இருந்தார்’ என்று எழுதினால் சான்று போய்விட்டது.

இன்னொன்று, உடல் என்று நினைத்தது உடலாக இல்லாமல் இருக்கலாம். நிமிடத்துக்கு மூன்று நான்கு மூச்சோடு, நீலம் பாரித்து, தட்டினாலும் அசையாமல் கிடப்பவர் இறந்தவர்போலவே தெரிவார். போய்ச் சேரும் காவலர் மார்பு ஏறி இறங்குகிறதா என்று ஒரு முழு நிமிடம் பார்க்க வேண்டும். 108ஐ அழைக்க வேண்டும். வாயைத் துடைத்து ஒருக்களித்துக் கிடத்த வேண்டும். மூச்சு நின்றிருந்தால் செயற்கை மூச்சு தர வேண்டும். அபின் வகை மருந்தின் பிடியை விடுவிக்கும் நலாக்ஸோன் ஊசி மருத்துவமனையில் கிடைக்கும். அமெரிக்காவிலும் கனடாவிலும் ரோந்துக் காவலரே அதை மூக்குத் தெளிப்பானாக எடுத்துச்செல்கிறார். இங்கே அந்த ஏற்பாடு வரும்வரை, தகவல் சொல்லும்போது ‘மாத்திரை எடுத்திருக்கிறார்’ என்ற இரண்டு சொற்களை ஆம்புலன்ஸ் ஊழியர் காதில் போடுவதே பெரிய உதவி. அவர் எந்த மருந்தைத் தயாராக வைப்பது என்பது அதைப் பொறுத்தது.

இடத்தைப் பார்ப்பதில் காவலருக்குப் பழக்கம் இருக்கிறது. பார்வை மகஜரும் மாதிரி வரைபடமும் அவர் அன்றாடம் தயாரிப்பவை. கூடுதலாகத் தேட வேண்டியவை சில. குப்பைத்தொட்டியிலும் கழிவறையிலும் கிடக்கும் காலி மாத்திரை அட்டை, ஊசி, சலைன் பாட்டில், மாத்திரை பொடித்த மூடி அல்லது கரண்டி, கையில் கட்டிய கயிறு அல்லது பெல்ட், கூரியர் உறை. ஊசியை வெறுங்கையால் தொடக் கூடாது, மூடியைத் திரும்பப் பொருத்தவும் கூடாது, எச்.ஐ.வி.யும் கல்லீரல் அழற்சியும் அந்த முனையில் இருக்கலாம். கெட்டியான புட்டியில் போட்டு முத்திரையிட வேண்டும். உடலில் இரத்தம் தேங்கிய சிவப்புப் படலம் கிடந்த நிலைக்குப் பொருந்தவில்லை என்றால், யாரோ புரட்டியிருக்கிறார்கள் அல்லது வேறிடத்திலிருந்து கொண்டுவந்திருக்கிறார்கள். இத்தகைய சாவுகளில் அது பெரும்பாலும் கொலையை மறைக்க அல்ல, பயத்தில் நடப்பது.

அந்தப் பயத்தைக் காவலர் புரிந்துகொள்வது விசாரணைக்கே தேவை. 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டம், என்.டி.பி.எஸ். சட்டம், 27ஆவது பிரிவில் போதைப்பொருளை உட்கொள்வதையே தண்டனைக்குரியதாக்குகிறது: பொருளைப் பொறுத்து ஆறு மாதமோ ஓராண்டோ. கூட இருந்தவர்கள் ஓடுவதும், ஊசியை ஏரியில் எறிவதும், ஆம்புலன்ஸை அழைக்கத் தயங்குவதும் இதனால்தான். சிகிச்சைக்குத் தாமாக முன்வரும் அடிமைப்பட்டவருக்கு 64ஏ பிரிவு விலக்கு தருகிறது. ஆனால் நண்பனைக் காப்பாற்ற அழைத்தவருக்கு விலக்கு தரும் சட்டம் அமெரிக்காவின் பல மாநிலங்களில் இருப்பதுபோல் இங்கே இல்லை. ஆகவே நிலையத்துக்கு அழைத்துவந்த பையனை முதல் மணி நேரத்திலேயே குற்றவாளியாக உட்காரவைத்தால் அவன் ஒன்றும் சொல்லமாட்டான். எங்கிருந்து வந்தது, இன்னும் யாரிடம் இருக்கிறது என்ற இரண்டு கேள்விகளுக்கு விடை தெரிந்தவன் அவன் மட்டுமே. அதே அட்டையிலிருந்து எடுத்த இன்னொருவன் அந்நேரம் வேறெங்கோ குறட்டை விட்டுக்கொண்டிருக்கக் கூடும்.

வீட்டாரிடம் கேட்பது வேறுவிதச் சங்கடம். பழக்கம் இருந்ததாகப் பெற்றோர் ஒப்புக்கொள்ளமாட்டார்கள். மகளுக்குக் கல்யாணம் ஆக வேண்டும், தெருவில் தலைகாட்ட வேண்டும். ‘போதை’ என்ற சொல்லே வராமல் கேட்க முடியும். கடைசியாக எந்த ஆஸ்பத்திரிக்குப் போனார், என்ன மாத்திரை சாப்பிட்டார், மறுவாழ்வு மையத்திலிருந்தோ புழல் சிறையிலிருந்தோ சமீபத்தில் வந்தாரா? கடைசிக் கேள்வி மிக முக்கியம். சில வாரங்கள் நிறுத்தியிருந்தவரின் உடல் பழைய அளவைத் தாங்காது. வெளியே வந்த முதல் நாட்களில்தான் ஆபத்து உச்சத்தில் இருக்கிறது. தற்கொலையா, விபத்தா என்ற கேள்விக்கும் இந்தப் பதில் ஓரளவு வெளிச்சம் தரும்.

பிரேதப் பரிசோதனைக்கு உடலை அனுப்பும் வேண்டுகோள் கடிதத்தில் காவலர் எழுதுவதைப் பொறுத்தே மருத்துவர் என்ன எடுத்துவைப்பார் என்பது அமையும். ‘இறப்பின் காரணம் அறிய’ என்று மட்டும் எழுதினால் வழக்கமான உள்ளுறுப்புகள் உப்புக் கரைசலில் போகும். மாத்திரை, ஊசி என்ற சந்தேகத்தைச் சொன்னால் தொடைச் சிரையிலிருந்து இரத்தம், சிறுநீர், கண்ணின் உள்திரவம், ஊசி குத்திய இடத்துத் தோல், ஒப்பிடுவதற்கு மறுபக்கத் தோல் ஆகியவையும் எடுக்கப்படும். தொடை இரத்தம் ஏன் என்பதைப் பயிற்சியில் விளக்க வேண்டும்: இறந்தபின் உறுப்புகளில் தேங்கிய மருந்து இதயப் பகுதி இரத்தத்துக்குக் கசிந்து, உண்மையில் இருந்ததைவிடக் கூடுதல் அளவைக் காட்டும். ஹெராயினின் அடையாளமாகிய 6-மோனோஅசிடைல்மார்ஃபின் இரத்தத்தில் மிகக் குறுகிய நேரமே தங்குவது. சிறுநீரும் கண்திரவமும் இல்லாவிட்டால் ஹெராயின் என்று நிறுவுவது கடினம். இரத்தக் குப்பியில் சோடியம் ஃபுளோரைடு இல்லையென்றால் சாராயக் கணக்கும் கெட்டுவிடும்.

மாதிரிகள் போய்ச் சேரும் தடய அறிவியல் துறைக்கு நீண்ட மரபு உண்டு. இந்தியாவின் முதல் வேதிப் பரிசோதகர் ஆய்வகம் 1849இல் சென்னை மாகாணத்தில்தான், நஞ்சு மரணங்களை ஆராய்வதற்காக, தொடங்கப்பட்டது. அதன் வாரிசான துறை மயிலாப்பூரில் இருக்கிறது. ஆய்வகம் தேடச் சொன்னதைத்தான் முதலில் தேடும். பூச்சிமருந்துக்கும் சாராயத்துக்கும் மட்டும் சோதித்து ‘நஞ்சு காணப்படவில்லை’ என்று வரும் அறிக்கையைப் பார்த்துக் கோப்பை மூடுவதுதான் மிக எளிய தவறு. இடத்தில் கிடைத்த அட்டையின் படத்தை அனுப்புகைக் கடிதத்தோடு சேர்ப்பது ஒரு நிமிட வேலை. அந்த மருந்தைக் குறிவைத்துச் சோதிக்க வேதியியலாளருக்கு அது போதும்.

அட்டை வேறொரு கதவையும் திறக்கிறது. ஒவ்வொரு அட்டையிலும் தயாரிப்பாளர் பெயரும் தொகுதி எண்ணும் அச்சாகியிருக்கும். தயாரிப்பாளர், மொத்த விற்பனையாளர், மருந்துக்கடை என்று 1940ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருட்கள் சட்டம் வைக்கச் சொன்ன பதிவேடுகள் வழியே அந்த எண் பயணம் செய்திருக்கும். டிராமடால் போன்ற எச்1 பட்டியல் மருந்துகளுக்கு நோயாளி, மருத்துவர் பெயரோடு தனிப் பதிவேடு மூன்றாண்டு காக்கப்பட வேண்டும். அதைப் பார்க்கும் அதிகாரம் மருந்து ஆய்வாளருக்கு உண்டு. காவல் நிலையமும் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையும் தனித்தனியே விசாரித்தால் எண் நடுவழியில் தொலைந்துவிடும்.

பின்னோக்கிப் போகும் விசாரணை என்ன செய்யும் என்பதற்கு இதே புறநகரில் ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. 2023 மே மாதம் மரக்காணம் அருகே எக்கியார்குப்பத்திலும் செங்கல்பட்டு மாவட்டத்திலும் கள்ளச்சாராயம் குடித்து 20க்கும் மேற்பட்டோர் இறந்தனர். கொன்றது மெத்தனால் என்று தெரிந்ததும் விசாரணை விற்றவர்களோடு நிற்காமல் மேலே போயிற்று. பூந்தமல்லி நெடுஞ்சாலையில் மதுரவாயலை அடுத்த வானகரத்தில் இருந்த ஒரு ரசாயன ஆலையில் முடிந்தது. சாராயச் சாவில் இந்த வேகம் வரக் காரணம், ஒரே நாளில் பலர் இறப்பது. மாத்திரையோ ஒருவர் ஒருவராகக் கொல்கிறது. மூன்று நிலையங்களில் மூன்று கோப்புகளாகக் கிடக்கும் சாவுகளில் ஒரே தொகுதி எண் இருப்பதை யாராவது ஒருவர் உட்கார்ந்து ஒப்பிட்டால் ஒழியத் தெரியாது.

சட்டப் பிரிவுகளில் சிக்கல் உண்டு. டிராமடால் 2018இல் என்.டி.பி.எஸ். பட்டியலில் சேர்ந்தது. அதன்பின் சந்தை டேபென்டடாலை நோக்கி நகர்ந்தது. அந்த மருந்து அப்போது பட்டியலில் இல்லை. பட்டியலில் இல்லாத மாத்திரையை விற்றவர் மீது, நஞ்சோ மயக்கப் பொருளோ கொடுத்துத் தீங்கு செய்வதற்கான பாரதிய நியாய சன்ஹிதா 123ஆவது பிரிவைக் காவல்துறை நாடுகிறது (பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 328). வாங்கியவர் 18 வயதுக்குக் கீழ் என்றால் சிறார் நீதிச் சட்டத்தின் 77ஆவது பிரிவு ஏழாண்டு வரை சிறை தருகிறது. ஆனால் சாவையே விற்றவர் தலையில் சுமத்தும் பிரிவு என்.டி.பி.எஸ். சட்டத்தில் கிடையாது. சாராயத்துக்கு அது உண்டு: கள்ளக்குறிச்சிக் கள்ளச்சாராயச் சாவுகளுக்குப் பின் 2024இல் திருத்தப்பட்ட தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம், உயிரிழப்பு நேர்ந்தால் ஆயுள் சிறையும் குறைந்தது 10 லட்சம் ரூபாய் அபராதமும் விதிக்கிறது. மாத்திரைக்குப் பாரதிய நியாய சன்ஹிதாவின் 105ஆவது பிரிவையோ (கொலையாகாத மரணம்) 106ஐயோ (கவனக்குறைவால் மரணம்) நாட வேண்டும். இரண்டிலும் இந்தப் பொருள்தான் கொன்றது என்ற சங்கிலி அறாமல் இருக்க வேண்டும்.

அந்தச் சங்கிலி எவ்வளவு கடினமானது என்பதை அமெரிக்க உச்சநீதிமன்றத்தின் 2014ஆம் ஆண்டு பரேஜ் தீர்ப்பு காட்டுகிறது. இறந்தவர் உடலில் பல போதைப்பொருட்கள் இருந்தன. குற்றவாளி விற்ற ஹெராயின் இல்லாவிட்டாலும் அவர் இறந்திருக்கக்கூடும் என்ற நிலையில், சாவுக்கான கூடுதல் தண்டனை செல்லாது என்றது நீதிமன்றம். இந்திய நீதிமன்றங்களை அது கட்டுப்படுத்தாது. ஆனால் இங்குள்ள எதிர்த்தரப்பு வழக்கறிஞரும் கேட்கப்போகும் கேள்வி அதுதான். ஒப்புதல் வாக்குமூலத்தை நம்பியிருக்கவும் வழியில்லை. தோஃபான் சிங் எதிர் தமிழ்நாடு அரசு வழக்கில் 2020 அக்டோபரில் உச்சநீதிமன்றம், என்.டி.பி.எஸ். சட்டத்தின் 67ஆவது பிரிவின்கீழ் அதிகாரிகள் பதியும் ஒப்புதல்கள் சான்றாகா என்று சொல்லிவிட்டது. மிஞ்சுவது பொருள், இரத்தம், கைப்பேசி. கைப்பேசியில் பணப் பரிமாற்றமும் குறுஞ்செய்தியும் இருக்கும். அவை நிற்க வேண்டுமானால் பாரதிய சாட்சிய சட்டத்தின் 63ஆவது பிரிவுச் சான்றிதழ் வேண்டும், கைப்பற்றுதலை பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 105ஆவது பிரிவுப்படி ஒளிப்பதிவு செய்திருக்க வேண்டும்.

விற்பவரிடம் வாங்கி நண்பனுக்குப் பகிர்ந்த பையனும், மாதம் ஆயிரக்கணக்கில் மாத்திரை நகர்த்துபவரும் ஒரே வரிசையில் நிற்கும் வழக்குகளைப் பயிற்சி ஊக்குவிக்கக் கூடாது. ‘ஒவ்வொரு போதை மரணமும் கொலைக் களம்’ என்ற அமெரிக்க முழக்கத்தை அப்படியே இறக்குமதி செய்தால், சிக்குவது பெரும்பாலும் அருகில் உட்கார்ந்திருந்தவன்தான். அடுத்த முறை யாரும் ஆம்புலன்ஸை அழைக்கமாட்டார்கள்.

இவ்வளவையும் யாருக்குக் கற்றுத்தருவது? ஆய்வாளர்களை ஊனமாஞ்சேரி காவலர் உயர் பயிற்சியகத்துக்கு மூன்று நாள் அனுப்புவது நல்லதுதான். ஆனால் சம்பவ இடத்துக்கு முதலில் போவது இரவு ரோந்திலிருக்கும் காவலரும் ஏட்டும். எழுதுவது நிலைய எழுத்தர். அவர்களுக்கு வகுப்பறைச் சொற்பொழிவைவிட ஒத்திகையே பயன்படும்: அம்பத்தூர் தொழிற்பேட்டைத் தொழிலாளர்கள் ஆறு பேராய்த் தங்கும் அறையைப்போல் ஒன்றை அமைத்து, கட்டிலடியில் அட்டையும் பாதி கழுவிய கரண்டியும் வைத்து, பொய் சொல்லும் நண்பனாக ஒருவரை நிறுத்தி, மகஜர் எழுதச் செய்ய வேண்டும். இந்தியோ ஒடியாவோ மட்டும் பேசும் சாட்சியும் அந்த ஒத்திகையில் இருக்க வேண்டும்; இப்பகுதியில் அது விதிவிலக்கல்ல. எழுதிய மகஜரைக் கீழ்ப்பாக்கத்தின் தடயவியல் மருத்துவர் ஒருவரும், தடய அறிவியல் துறை வேதியியலாளர் ஒருவரும், அரசு வழக்கறிஞர் ஒருவரும் படித்து, தமக்கு இது எங்கே போதவில்லை என்று எதிரிலேயே சொல்ல வேண்டும்.

பிறகு முடிவறிக்கை. வேதிப் பரிசோதனை முடிவு மாதங்கள் கழித்து வரும்போது அந்த உதவி ஆய்வாளர் பெரும்பாலும் வேறு நிலையத்துக்கு மாற்றலாகியிருப்பார். அறிக்கை வந்ததும் பிரிவு மாற்றுவதா, மேல்நடவடிக்கை கைவிடுவதா என்பதைப் புதியவர் முடிவுசெய்ய வேண்டும். முதல் நாள் கோப்பில் அட்டையின் படமும், நண்பனின் சொற்களும், தொகுதி எண்ணும் இருந்தால் அவரால் முடியும். முடிவின் ஒரு படி மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைக்கும், ஒன்று அமலாக்கப் பணியகக் குற்றப் புலனாய்வுப் பிரிவுக்கும் போக வேண்டும். இறந்தவரின் வீட்டாருக்கும் ஒருவர் நேரில் போய்ச் சொல்ல வேண்டும்.